தலைப்பில் உள்ள அந்தத் தந்தை யார்?

உங்கள் கேள்வி முதல் பார்வையில் ஒரு சிறிய தகவல் குழப்பமாகத்தான் தெரிகிறது. அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 1987ஆம் ஆண்டு முழுக்க ஸ்பானிஷ் மொழியில் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதன் பெயர் ‘கான்சியோனெஸ் தெ மி பாத்ரே’, அதாவது ‘என் தந்தையின் பாடல்கள்’. அந்தத் தந்தை சிறுவயதில் மெக்சிகோவிலிருந்து வந்து வண்டிப் பட்டறையில் தொழில் கற்றவர், இசையில் தோய்ந்தவர் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறீர்கள். லிண்டாவின் தந்தை அமெரிக்காவிலேயே பிறந்த இரும்புக்கடைக்காரர் என்று இன்னோரிடத்தில் படித்திருக்கிறீர்கள். எது சரி என்று கேட்டு எழுதியிருந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது கேள்வியின் கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: இரும்பு அடித்துப் பிழைத்த ஒரு மனிதருக்கு இசை எப்படி வாய்த்தது, அவர் வீட்டில் பாடிய பாட்டுகள்தான் அந்தத் தொகுப்பில் நாம் கேட்பவையா?

பதில் சொல்லும் தகுதி எனக்கு எந்த அளவுக்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுப்பாடல் சேகரிப்புகளை வகைப்படுத்துவதும், கையால் எழுதிய இசைச் சுரத்தாள்களைப் படித்துப் பட்டியலிடுவதும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக என் தொழில். அதற்கு முன் சில ஆண்டுகள் கிளாரினெட் கற்றேன். ஆகவே பாட்டுகள் எப்படிக் கைமாறுகின்றன, ஓர் இசைக்குழுவைக் கட்டுவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பவை பற்றி அனுபவத்திலிருந்து பேச முடியும். ரான்ஸ்டாட் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை அச்சில் வந்தவை மட்டுமே.

நீங்கள் படித்த இரண்டும் சரி. அவை இரண்டு வெவ்வேறு மனிதர்களைப் பற்றியவை. லிண்டாவின் தந்தை கில்பர்ட் ரான்ஸ்டாட் 1911இல் அரிசோனாவின் டூசான் நகரத்தில் பிறந்தவர். மெக்சிகோவிலிருந்து வந்தவர் கில்பர்ட்டின் தந்தை, ஃபெடரிகோ ஹோசே மரியா ரான்ஸ்டாட். தலைப்பு இந்த இருவரில் யாரைக் குறிக்கிறது என்றால், பிறப்பால் அது தாத்தாவைக் குறிப்பது. ஃபெடரிகோவின் மூத்த தாரத்து மகள் லூயிசா, மேடையில் லூயிசா எஸ்பினெல் என்ற பெயரில் பாடியவர். அவர் தம் தந்தையிடம் கேட்ட பாடல்களைத் தொகுத்து 1946இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வெளியீடாக ஒரு சிறு நூல் கொண்டுவந்தார். அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர்தான் ‘கான்சியோனெஸ் தெ மி பாத்ரே’. நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து லிண்டா தம் அத்தையின் நூற்பெயரை எடுத்துத் தம் தொகுப்புக்குச் சூட்டினார். ‘என் தந்தை’ என்று முதலில் சொன்னவர் லூயிசா. அவர் சொன்ன தந்தை ஃபெடரிகோ. அதே சொற்களை லிண்டா சொல்லும்போது அவற்றுக்குள் கில்பர்ட்டும் வந்து சேர்ந்துவிடுகிறார்.

ஃபெடரிகோ 1868இல் வடமெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், லாஸ் தெலிசியாஸ் என்ற இடத்தில் பிறந்தார். பனாமிச்சி என்னும் சிற்றூருக்கு அருகில், சொனோரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் இடம் அது. அவருடைய தந்தை ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து மெக்சிகோவுக்கு வந்து தங்கிய பொறியாளர்; மெக்சிகோ ராணுவத்திலும் அதிகாரியாக இருந்தவர். தாய் மார்கரிட்டா ரெடோண்டோ சொனோராவின் செல்வாக்குள்ள ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர். மெக்சிகோக்காரருக்கு எப்படி ரான்ஸ்டாட் என்ற ஜெர்மன் பெயர் வந்தது என்று பலரும் வியப்பது இதனால்தான். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அவர் பசியால் துரத்தப்பட்டு எல்லை தாண்டியவர் அல்லர். படித்த தந்தை, தன் மகன் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, 1882இல், பதினான்கு வயதில், அவரை டூசானுக்கு அழைத்துவந்து டால்டன், வாஸ்கெஸ் என்ற இருவர் நடத்திய வண்டிப் பட்டறையில் தொழில் கற்கச் சேர்த்தார்.

அவரைக் குடியேறி என்று சொல்லலாமா என்பதே யோசிக்க வேண்டிய கேள்வி. டூசான் 1854 வரை சொனோராவின் ஊர்தான். காட்ஸ்டன் உடன்படிக்கையின் வழியாக அமெரிக்கா அந்த நிலப்பகுதியை விலைக்கு வாங்கியபோது எல்லைக்கோடு ஊருக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஃபெடரிகோ வந்து இறங்கிய ஊரில் கடைவீதியில் ஸ்பானிஷ், கோயிலில் ஸ்பானிஷ், கொண்டாட்டங்களில் ஸ்பானிஷ். 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 7,007 பேர். எல்லையில் மெக்சிகோக்காரர்களை நிறுத்திக் கேட்பார் யாரும் இல்லை. எல்லைக் காவல் படை என்பதே 1924இல்தான் உருவானது. அதே 1882ஆம் ஆண்டில்தான் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு அடைக்கப்பட்ட கதவு மற்றவருக்குக் கதவே இல்லாத வாசலாக இருந்த காலம் அது. சட்டப்படி அவர் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். பழக்கவழக்கத்தில் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். என் கருத்தில் இந்த இரண்டாவது நிலைதான் அவருடைய இசை வாழ்வுக்கு அடித்தளம். பாடினால் புரிந்துகொள்ளக் கூடிய ஊருக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார்.

பட்டறை வேலை எளிதானது அன்று. வண்டிச் சக்கரத்துக்குக் குடம் கடைய வேண்டும், ஆரக்கால்களைச் செதுக்கிப் பொருத்த வேண்டும், வட்டைகளைச் சேர்த்து வட்டமாக்க வேண்டும், கடைசியில் இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி மேலே ஏற்றி, தண்ணீர் ஊற்றிச் சுருங்கச் செய்து, மரத்தை இறுகப் பிடிக்க வைக்க வேண்டும். அரிசோனா போன்ற பாலைநிலத்தில் காற்றின் வறட்சியால் மரம் சுருங்கிப் பட்டை கழன்றுகொண்டே இருக்கும் என்பதால் வண்டி செய்கிறவருக்கும் பழுது பார்க்கிறவருக்கும் வேலை ஓயாது. ரயில்பாதை 1880 மார்ச் மாதம் டூசானை எட்டியிருந்தது. கிழக்கிலிருந்து நல்ல கடினமரமும் இரும்பும் அதில் வந்து இறங்கின. ரயில் நிற்கும் இடத்திலிருந்து சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் சரக்கைக் கொண்டுபோக வண்டிகள் தேவைப்பட்டன. சில ஆண்டுகளில் ஃபெடரிகோ சொந்தப் பட்டறை தொடங்கினார். தந்தை இறந்தபின் தாயையும் உடன்பிறந்தவர்களையும் தாங்கும் பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது. மோட்டார் வண்டிகள் வந்து குதிரை வண்டிகள் மறையத் தொடங்கியபோது நிறுவனத்தை இரும்புச் சாமான்கள், விவசாயக் கருவிகள், இயந்திரங்கள் விற்கும் கடையாக மாற்றிக்கொண்டார். அந்தக் கடை 1980கள் வரை குடும்பத்தின் கையில் இருந்தது. இன்றும் டூசான் நகரின் நடுவே உள்ள பேருந்து நிலையத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயர்தான்.

இனி இசை. பட்டறையின் சம்மட்டி ஓசையிலிருந்து அவருக்கு இசை பிறந்தது என்கிற மாதிரியான வாக்கியங்களை நீங்கள் எங்காவது படித்தால் நம்பிவிடாதீர்கள். சொனோராவின் பாடல்கள் பிள்ளைப் பருவத்திலேயே அவர் காதில் விழுந்து, நினைவில் தங்கி, அவரோடு வந்தவை. ஆனால் குழுவாகச் சேர்ந்து தாள் பார்த்து வாசிக்கும் இசை அப்படிக் கூடவே வருவது அன்று. அதை உட்கார்ந்து கற்க வேண்டும், பிறருக்கும் கற்பிக்க வேண்டும். ஃபெடரிகோவின் வாழ்க்கையில் என்னை ஆழமாகக் கவர்ந்த பகுதி இதுதான். 1880களின் இறுதியில், இருபது வயது ஒட்டிய பருவத்தில், பகலெல்லாம் உலையடியில் நின்றுவிட்டு, மாலையில் நண்பர்களையும் உறவினர்களையும் கூட்டி ‘குளுப் ஃபிலார்மோனிகோ துக்சொனென்சே’ என்ற இசைக்குழுவை அவர் உருவாக்கினார். டூசான் இசையன்பர் மன்றம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதில் இருந்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களுக்கேற்ப இசையை அமைத்து, முன்னால் நின்று நடத்தியும் வைத்தார் ஃபெடரிகோ.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கிளாரினெட் பழகிய காலத்தில் நான் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன். இதில் நிறைய இருக்கிறது. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் இசைப் பயிற்சி ‘சொல்ஃபெயோ’ என்பதில் தொடங்கும். கருவியைத் தொடுவதற்கு முன்பே தாளில் உள்ள சுரங்களைப் பெயர் சொல்லிப் பாடவும், கையால் தாளம் காட்டவும் பழக வேண்டும். பொறுமையில்லாதவர்கள் இந்தக் கட்டத்திலேயே ஓடிப்போவார்கள். அதைத் தாண்டிக் கருவிக்கு வந்தால் வேறொரு சிக்கல். வழக்கமாகப் பயன்படும் கிளாரினெட்டும் கார்னெட் எனும் சிறு எக்காளமும் தாளில் எழுதியதைவிட ஒரு முழுச் சுரம் தாழ்வாக ஒலிக்கும் கருவிகள். புல்லாங்குழலும் வயலினும் எழுதியபடியே ஒலிப்பவை. ஒரே மெட்டை இவை சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் கிளாரினெட்டுக்கான தாளை ஒரு முழுச் சுரம் உயர்த்தித் தனியாக எழுத வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழு என்றால் பத்துத் தாள்கள். ஒவ்வொன்றும் அந்தந்தக் கருவியின் எல்லைக்கும், அதை வாசிக்கும் மனிதரின் திறமைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். மூன்று மாதமாக மட்டுமே வாசிக்கப் பழகியவருக்கு வேகமான ஓட்டத்தைக் கொடுத்தால் குழுவே சரிந்துவிடும். அவருக்கு நீண்ட சுரங்களைக் கொடுத்து, ஓட்டத்தைத் தேர்ந்தவரிடம் மாற்ற வேண்டும். நகலெடுக்கும் இயந்திரம் இல்லாத காலத்தில் இவ்வளவையும் விளக்கொளியில் மைதொட்டு எழுத வேண்டும். இத்தகைய பழைய தாள்களை நான் எத்தனையோ கையாண்டிருக்கிறேன். ஓரங்களில் மெழுகுச் சொட்டும், விரல் அழுக்கும், அடித்துத் திருத்திய சுரங்களுமாக இருக்கும் அவற்றைப் பார்க்கும்போது, இசைமீதுள்ள அன்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது எத்தனை இரவுகளின் உழைப்பு என்பது கண்கூடாகத் தெரியும்.

அக்காலத்துச் சிற்றூர்க் குழுக்கள் பொதுவாக வாசித்தவை வால்ட்ஸ், போல்கா, மசுர்கா போன்ற நடன மெட்டுகளும், இசைநாடகங்களிலிருந்து எடுத்த பகுதிகளுமே. டூசானில் ஆகஸ்டு மாதம் புனித அகுஸ்தின் திருவிழா நாட்கணக்கில் நடக்கும்; செப்டம்பர் 16 மெக்சிகோ விடுதலை நாளுக்கும் ஊர் திரளும்; பூங்காக்களில் மாலை நேரக் கச்சேரிகள் இருக்கும். இசைக்கு ஊரில் பஞ்சமில்லை. 1896இல் ஃபெடரிகோவின் குழு தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் பயணம் போய் நிகழ்ச்சிகள் நடத்திவிட்டு வந்தது. பட்டறைக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வேற்றூருக்கு வாசிக்கப் போவது எளிய காரியம் அன்று. அது டூசானின் முதல் இசைக்குழு என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கத் தயங்குகிறேன், ஏனென்றால் ஊருக்கு வெளியே இருந்த ஃபோர்ட் லோவெல் ராணுவ முகாமுக்குச் சொந்தமாக பேண்டு இருந்தது. ஊர்க்காரர்கள் தாங்களே சேர்ந்து உருவாக்கிய முன்னோடிக் குழுக்களில் ஒன்று என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். குழுவின் உள்விவரங்கள் பலவும் ஃபெடரிகோ முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலிருந்து வருபவை; குடும்பத்தினர் பதிப்பிக்க அவை 1993இல் நூலாக வெளிவந்தன. எழுபது வயதில் இருபது வயதை நினைத்து எழுதும் எவருக்கும் ஆண்டுகள் சற்று முன்பின்னாகும் என்பதைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய முதல் மனைவி சாரா லெவின்; பூங்காவும் பீர் ஆலையும் வைத்திருந்த ஜெர்மானியர் அலெக்ஸ் லெவினின் மகள். 1892இல் பிறந்த லூயிசா அந்த மணத்தில் பிறந்தவர். சாரா 1902இல் இறந்தபின், தாம் தொழில் கற்ற பட்டறையின் உரிமையாளர் டால்டனின் மகள் குவாதலூப்பேயை ஃபெடரிகோ மணந்தார். கில்பர்ட் அந்த இரண்டாம் மணத்துப் பிள்ளை. அக்காளுக்கும் தம்பிக்கும் பத்தொன்பது வயது இடைவெளி. லூயிசா குரல் பயின்று, ஸ்பெயின் சென்று அங்குள்ள நாட்டார் பாடல்களையும் நடனங்களையும் சேகரித்து, அந்தந்தப் பகுதியின் உடையணிந்து தனியொருவராக மேடையில் பாடி ஆடிக் காட்டும் நிகழ்ச்சியை 1920களிலும் 1930களிலும் அமெரிக்கா முழுவதும் நடத்தினார். 1935இல் ஒரு ஹாலிவுட் படத்திலும் சிறு வேடத்தில் தோன்றினார். உலகம் சுற்றிய அவர் கடைசியில் தம் வீட்டுக்குத் திரும்பி, தந்தை பாடியவற்றை எழுதி வைத்தார் என்பதை ஒரு சேகரிப்பாளரின் முதிர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். பிறர் வீட்டுப் பாட்டு எப்போதும் அருமையாகத் தெரியும். தன் வீட்டுக் கூடத்தில் கேட்டது எழுதத் தக்கது என்று தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அந்த 1946ஆம் ஆண்டு நூலை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில்தான் என் தொழில் அனுபவம் கொஞ்சம் உதவும். ‘தந்தையின் பாடல்கள்’ என்பதால் அவை தந்தை இயற்றியவை என்று பொருள் இல்லை. அவர் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டவை என்பதே பொருள். நாட்டுப்பாடல் துறையில் இப்படிப் பாடிக் கொடுப்பவரைத் தகவலாளி என்போம். பாட்டு அவருக்கு முன்பே இருந்தது, அவருக்குப் பின்னும் இருக்கும், இடையில் அவர் அதைத் தாங்குகிறார். சொனோராவிலும் தென் அரிசோனாவிலும் அவர் காதில் விழுந்த பாட்டுகள் அவர் குரலில் எந்த வடிவத்தில் இருந்தனவோ அந்த வடிவம் நூலில் பதிவாகியிருக்கிறது. தாளில் ஏறும்போது சில போய்விடும் என்பதும் உண்மை. ஒரு சொல்லில் தயங்கி நிற்பது, சுரத்தைத் தொட்டும் தொடாமலும் வழுக்கி இறங்குவது, கடைசி வரியில் வேகத்தைத் தளர்த்துவது போன்றவற்றை ஐந்து கோட்டுத் தாள் பிடித்துவைக்காது. எழுதியவர் மகளாகவும் அதே பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவராகவும் இருந்ததால் இந்த இழப்பு குறைவாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லிண்டா பிறந்ததும் அதே 1946இல், டூசானில். தாத்தா 1954இல் இறந்தபோது அவருக்கு எட்டு வயது. தாத்தாவின் இசை அவரை நேரடியாக எட்டியதைவிடத் தந்தை கில்பர்ட் வழியாக எட்டியதே அதிகம். கில்பர்ட் இரும்புக்கடையை நடத்தினார். ஆனால் 1930களில் டூசானில் ‘கில் ரான்ஸ்டாடும் அவருடைய நட்சத்திரக் குழல்பெருக்கியும்’ என்கிற மாதிரியான பெயரோடு மேடையேறிப் பாடியவரும் கூட. அழகான நடுத்தரக் குரல், கிடாரும் வாசிப்பார். ஸ்பானிஷ் பாடல்கள் அந்த வீட்டில் பிறந்தநாளிலும், சமைத்து உண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இயல்பாகப் புழங்கின. ஆனால் மொழி புழங்கிய அளவு வேறு. அரிசோனாவின் பள்ளிகளில் அந்நாளில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை கிடைக்கும். ஆகவே அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்குப் பாட்டாக வந்த மொழி பேச்சாக வரவில்லை. லிண்டாவும் தமக்குச் சரளமாக ஸ்பானிஷ் பேச வராது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பேச்சு அறுந்த பிறகும் பாட்டு அறாமல் நிற்பதைப் பல சேகரிப்புகளில் நான் கண்டிருக்கிறேன். மெட்டோடு சேர்ந்து மனத்தில் பதிந்த சொற்கள் கடைசியாகத்தான் மறக்கும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டுத் தொகுப்பில் நாம் கேட்பவை ஃபெடரிகோ சிறுவனாகக் கேட்ட பாட்டுகளா? பெரும்பாலும் இல்லை. அதில் உள்ள பாடல்களில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ரஞ்செரா, வாபாங்கோ வகைப் பாடல்கள். மெக்சிகோவின் வானொலியிலும் திரைப்படங்களிலும் பரவியவை. லிண்டா தம் ஆதர்சமாகக் கொண்டாடிய லோலா பெல்த்ரான் போன்ற பாடகியரின் காலத்தவை. பின்னணியில் ஒலிக்கும் மரியாச்சி இசையும் சொனோராவைச் சேர்ந்தது அன்று. மேற்கு மெக்சிகோவில் உள்ள ஹலிஸ்கோ பகுதியில் வயலின், யாழ், கிடார் வகைக் கருவிகளோடு வளர்ந்து, இரண்டு எக்காளங்கள் சேர்ந்த இன்றைய வடிவத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அடைந்தது. அந்தத் தொகுப்பில் வாசித்த மரியாச்சி வர்காஸ் குழுவே 1890களின் இறுதியில் ஹலிஸ்கோவில் தொடங்கியது. ஃபெடரிகோவின் குழு கலிஃபோர்னியாவுக்குப் போனது அதற்கும் முன்பு. பாடல்களுக்கு இசையமைப்பைச் செம்மைப்படுத்திய ரூபென் ஃபுவெந்தெஸ், நாம் இன்று மரியாச்சி என்று கேட்கும் ஒலியையே வடித்தவர்களில் ஒருவர். ஆக, தொகுப்பின் பெயர் தாத்தாவுக்கு உரியது, பாடல்கள் தந்தையின் தலைமுறைக்கு உரியவை. அந்தத் தொகுப்பு அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேல் விற்று, 1989இல் கிராமி விருது பெற்று, 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. பதிவு நிறுவனங்கள் விற்காது என்று நினைக்கும் வகை இசை அது என்பதை எண்ணிப் பார்த்தால் லிண்டாவின் பிடிவாதத்தின் அளவு புரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். ஃபெடரிகோவின் வாழ்க்கையை மெக்சிகோவிலிருந்து வந்த எல்லாத் தந்தையருக்கும் மாதிரியாக வைத்துவிடாதீர்கள். அவருக்கு நல்ல குடும்பப் பெயர் இருந்தது, படித்த தந்தை இருந்தார், இரண்டு மொழி பேசும் வணிகர்களின் உறவு இருந்தது, வெள்ளைத் தோலும் ஜெர்மன் பெயரும் இருந்தன. அதே அரிசோனாவின் செப்புச் சுரங்கங்களில் ஒரே வேலைக்கு மெக்சிகோக்காரர்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தார்கள். 1917 ஜூலை 12 அன்று பிஸ்பீ என்ற சுரங்க ஊரில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,200 பேரை ஆயுதம் ஏந்தியவர்கள் பிடித்து, மாடுகளை ஏற்றிச்செல்லும் ரயில்பெட்டிகளில் ஏற்றி, அடுத்த மாநிலப் பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள். அவர்களில் மெக்சிகோக்காரர்கள் ஏராளம். அந்தத் தந்தையருக்கும் பாட்டுகள் இருந்தன. மகள் நூலாக்கவில்லை, பல்கலைக்கழகம் அச்சிடவில்லை. சேகரிப்புகளோடு வேலை செய்யும் எவருக்கும் இது உறுத்த வேண்டிய விஷயம்: எழுத்தறிவும் ஓய்வும் இருந்த வீடுகளின் பாட்டே பெரும்பாலும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அதே டூசானில் 1916இல் பிறந்த லாலோ கெர்ரெரோவை இதற்கு எதிர்ப்புறத்தில் வைத்துப் பார்க்கலாம். அவருடைய தந்தை சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பட்டறைத் தொழிலாளி. லாலோவுக்குக் கிடாரும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர் தாய். மெக்சிகோ-அமெரிக்க இசையின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்ட லாலோ, கில்பர்ட்டின் நண்பராக ரான்ஸ்டாட் வீட்டுக் கூடல்களில் பாடியவர். லிண்டா சிறுமியாக அவரைக் கேட்டு வளர்ந்தார். லாலோ பிறந்த பழைய மெக்சிகோக் குடியிருப்பின் பெரும்பகுதியை 1960களின் இறுதியில் நகர நிர்வாகம் இடித்துத் தள்ளிவிட்டு அங்கே மாநாட்டு வளாகம் கட்டியது. முதுமையில் லாலோ அந்தக் குடியிருப்பை நினைத்து ஒரு பாடல் எழுதினார். அந்த வளாகத்துக்குள் இருக்கும் இசை அரங்குக்குத்தான் 2022இல் லிண்டா ரான்ஸ்டாட் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து அறிந்தால்தான் டூசானின் இசை வரலாறு ஒருவருக்கு முழுதாகத் தெரிந்ததாகும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்கத் தொடங்குவதாக இருந்தால் ஒரு வரிசை சொல்கிறேன். 1987ஆம் ஆண்டுத் தொகுப்பில் சொனோரா மண்ணோடு தொடர்புள்ளவை இரண்டு: கனானேயா சுரங்க ஊரின் சிறையைப் பற்றிய கொர்ரிதோ எனும் கதைப்பாடல் ஒன்று, குவாய்மாஸ் துறைமுகத்தின் படகைப் பற்றிய பாடல் மற்றொன்று. தாத்தாவின் நாட்டுக்கு அருகில் நம்மைக் கொண்டுபோய்விடுபவை அவை என்பதால் அவற்றை முதலில் கேளுங்கள். சொல்லின் நேர்ப்பொருளில் லிண்டாவின் ‘தந்தையின் பாடல்’ எது என்று தேடினால் அது அந்தத் தொகுப்பில் இல்லை. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு, 1976இல், அவர் ஆங்கிலப் பாடல்களால் நாடறிந்த பாடகியாக இருந்தபோது வெளியிட்ட ஒரு தொகுப்பில் ‘லோ சியெந்தோ மி வீதா’ என்ற ஒரு ஸ்பானிஷ் பாடல் இருக்கிறது. ‘மன்னித்துவிடு, என் உயிரே’ என்று பொருள். அதை எழுதியவர்களாக மூன்று பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும்: லிண்டா, அவருடைய குழுவைச் சேர்ந்த கென்னி எட்வர்ட்ஸ், மூன்றாவதாக டூசானின் இரும்புக்கடைக்காரர் கில்பர்ட் ரான்ஸ்டாட்.